நாற்பதுக்கு மேல் தொழிலை மாற்றுவது: ஐந்து வழிகள், எது யாருக்கு?

“எனக்கு 46 வயது. இருபது வருடமாக ஒரே வேலை. காலையில் கிளம்பவே மனசு வரவில்லை. விட்டுவிடலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமா?”

சின்னச் சின்ன மாற்றங்களோடு இதே கேள்வியைப் பல வாசகர்கள் கேட்கிறார்கள். ஒருவருக்கு வயது 41, இன்னொருவருக்கு 57. ஒருவர் ஆசிரியர், இன்னொருவர் மென்பொருள் எழுதுகிறவர். கேள்வியின் வடிவம் மட்டும் மாறுவதில்லை. விடலாமா, இருக்கலாமா?

சிக்கலே அந்த வடிவத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டே கதவுகள் என்று நினைத்துவிட்டால் ஒன்று பயமுறுத்தும், மற்றது மூச்சு முட்டவைக்கும். உண்மையில் ஐந்து வழிகளாவது இருக்கின்றன. நான் 19 வருடம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, 44 வயதில் தச்சு வேலை கற்றுக்கொள்ளப் போனவன். இப்போது பாதி நாள் கணக்கு, பாதி நாள் மரம். போகிற வழியில் எங்கே தடுக்கும் என்பது ஓரளவு தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

## முதலில், அலுப்பு எங்கே இருக்கிறது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை முடிந்ததும், அது என்ன வேலை, யாரோடு செய்தது, முடித்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

கணக்கே எனக்குப் பிடிக்கவில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் இருந்தது வேறு. ஒத்துவராத கணக்கில் தவறு எங்கே என்று தேடிப் பிடித்த நாட்களில் தெம்பு கூடியிருந்தது. என்னை வாட்டியது மாதக் கடைசிக் கூட்டங்களும், ஒரே அறிக்கையை நாலு பேருக்கு நாலு விதமாக மாற்றி அனுப்புவதும்தான்.

அலுப்புக்குப் பெரும்பாலும் நாலு இடங்கள் உண்டு: செய்யும் வேலை, கூட இருக்கும் மனிதர்கள், வேலையின் அளவு, கிடைக்கும் சம்பளம். மனிதர்களோ அளவோ காரணம் என்றால் தொழிலையே தூக்கிப்போட வேண்டியதில்லை. பலர் இதைப் பார்க்காமல் புதுத் தொழிலுக்குப் போய், அங்கேயும் அதே மாதிரி ஒரு மேலாளரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். செய்யும் வேலையே ஒட்டவில்லை என்று நோட்டு சொன்னால், அப்போதுதான் பெரிய மாற்றங்களைப் பற்றிப் பேச வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

கைவசம் எத்தனை மாதம்? சேமிப்பைத் தொகையாகப் பார்க்காமல் மாதங்களாகப் பாருங்கள். வீட்டுச் செலவு, கடன் தவணை, காப்பீடு எல்லாம் சேர்ந்து மாதம் எவ்வளவு, சேமிப்பு அதில் எத்தனை மாதத்துக்கு வரும்? ஓய்வுக்காலப் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வருடம் 8 சதவீதம் வளர்கிற பணம் 15 வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். 45 வயதில் எடுக்கிற ஒரு பங்கு, 60 வயதில் இருந்திருக்க வேண்டிய மூன்று பங்கு. 25 வயதுக்காரர் அதைத் திரும்பச் சேர்த்துவிடலாம். நமக்கு அந்த வருடங்கள் இல்லை.

மீதி எத்தனை வருடம்? வயது 48 என்பதைவிட, இன்னும் எத்தனை வருடம் வேலை செய்ய ஆசை, உடம்பு எத்தனை வருடம் இடம் கொடுக்கும் என்பதுதான் கணக்கு. நின்றுகொண்டே செய்கிற வேலைக்கும் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் இந்த எண் ஒன்றாக இருக்காது.

கூட என்ன வருகிறது? இத்தனை வருட அனுபவத்தில் எவ்வளவு புது இடத்திலும் செல்லுபடியாகும்?

திரும்பி வர முடியுமா? ஒத்துவரவில்லை என்றால் பழைய தொழிலில் மறுபடி நுழைய இடமிருக்கிறதா? உரிமம் காலாவதியாகும் தொழில்களில் இதை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

எவ்வளவு சீக்கிரம் கை படும்? இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். எனக்கான தொழில் எது என்பதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்த வேலையில் கையை வைத்த பிறகுதான் பிடித்ததா இல்லையா என்று தெரிகிறது. 2018இல் பால் ஓ’கீஃப், கேரல் ட்வெக், கிரெகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையொட்டியது. ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே தயாராக இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு, விஷயம் கடினமாகும்போது ஆர்வம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. ஆர்வம் வளர்த்தால் வளரும் என்று நினைக்கிறவர்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறார்கள். அதனால் ஒரு வழி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு குறைந்த செலவில் உங்களை வேலைக்குள் இறக்கிப் பார்க்கவிடுகிறது என்பதைக் கேளுங்கள்.

வீட்டாரை ஏன் இதில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அவர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். உங்கள் மாதக் கணக்கு அவர்களுடைய மாதக் கணக்கும்தான். முடிவெடுத்துவிட்டுச் சொல்லாதீர்கள், நோட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

| வழி | கை படுவது | வருமானம் | திரும்பி வருவது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| இருக்கும் வேலையைத் திருத்துவது | உடனே | குறையாது | தேவையே இல்லை | நழுவும் வருடங்கள் |
| பக்கத்துத் துறை | சில மாதம் | கொஞ்சம் குறையலாம் | எளிது | பதவியில் இறக்கம் |
| மறுபடி படிப்பது | தாமதம் | பல வருடம் அடிவாங்கும் | கடினம் | ஈட்டாமல் விட்ட சம்பளம் |
| வேலையோடு சேர்த்து வளர்ப்பது | சில வாரம் | குறையாது | எளிது | உடல் அலுப்பு, வீட்டு நேரம் |
| விட்டுவிட்டு இறங்குவது | உடனே | நின்றுவிடும் | தொழிலைப் பொறுத்தது | பயத்தில் எடுக்கும் முடிவுகள் |

## இருக்கும் வேலையையே திருத்தி அமைப்பது

சொன்னால் சப்பென்று இருக்கும். ஆனால் அளவும் மனிதர்களும்தான் பிரச்சினை என்றால் முதலில் முயல வேண்டியது இதுதான். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். வேலை ஒன்றேதான். சிலர் சொன்னதைச் செய்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டினார்கள், குணமாக்குவதில் தங்களுக்கும் பங்கிருப்பதாக நினைத்தார்கள். இரண்டாவது வகையினருக்கு வேலை பொருளுள்ளதாக இருந்தது.

அதற்காக மனசை மாற்றிக்கொண்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. வேலையின் பட்டியலை மாற்றுங்கள். எந்த இரண்டு பொறுப்புகளைக் கைமாற்றலாம், எதைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம், வாரத்தில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் குறிப்பாகக் கேளுங்கள். “எனக்கு அலுப்பாக இருக்கிறது” என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. “புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை எனக்குத் தாருங்கள்” என்றால் செய்யலாம்.

ஓய்வுக்கு ஐந்தாறு வருடமே இருப்பவர்களுக்கும், வீட்டில் பெரிய செலவு நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது நல்ல வழி. ஆபத்து என்னவென்றால், இதிலேயே வருடங்கள் கரையும். ஆறு மாதம் என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் அவமரியாதை, நேர்மையற்ற காரியம், உடம்பைக் கெடுக்கும் சூழல் இருந்தால் இந்த வழியில் ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம்.

## பக்கத்துத் துறைக்குப் போவது

மருத்துவமனை செவிலியர் காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கைகளைச் சரிபார்க்கப் போவது, பொறியாளர் பயிற்சியாளராவது, பத்திரிகையாளர் ஒரு தொண்டு அமைப்பின் தகவல் தொடர்பைப் பார்ப்பது. தெரிந்த திறமை, புதுச் சூழல். பார்க்க எளிமையாக இருந்தாலும், அனுபவத்தின் மதிப்பு அதிகம் வீணாகாத மாற்றம் இதுதான்.

இங்கே தடுக்குவது பெரும்பாலும் பேச்சில். 20 வருடம் ஒரு துறையில் இருந்தவர் தன்னைப் பதவியின் பெயரால் சொல்லியே பழகியிருப்பார். அடுத்த துறைக்காரருக்கு அந்தப் பெயர் புரியாது. “முதுநிலைக் கணக்கு மேலாளர்” என்பதைவிட “மூன்று கிளைகளின் கணக்கை ஒன்றாக்கி, மாதக் கடைசி வேலையைப் பத்து நாளிலிருந்து நாலு நாளாகக் குறைத்தேன்” என்பது எல்லோருக்கும் புரியும். நேர்காணலில் வயதைப் பார்த்து முகம் மாறுகிறவர்கள் உண்டு. அது அநியாயம்தான், ஆனால் இருக்கிறது. வேலைவாய்ப்பு விளம்பரங்களைவிட, கூட வேலை செய்து உங்களைத் தெரிந்தவர்கள் வழியாகப் போனால் அந்தச் சுவர் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

சம்பளத்தில் ஒரு படி இறக்கம், தன்னைவிடச் சின்னவர் மேலதிகாரி, இரண்டையும் ஏற்கத் தயாரா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எண் சரியாக வந்தாலும் இந்த இடத்தில் மனசு ஒத்துழைக்காமல் திரும்பி வந்தவர்கள் உண்டு.

## மறுபடி படித்துப் புதுத் தொழிலில் சேர்வது

இதைப் பற்றிக் கனவு காண்கிறவர்கள் அதிகம், கணக்குப் போடுகிறவர்கள் குறைவு. சரி, போட்டுப் பார்ப்போம். இப்போதைய வருடச் சம்பளத்தை 100 என்று வையுங்கள். மூன்று வருடப் படிப்பு, அந்தக் காலத்தில் சம்பளம் இல்லை: 300 போயிற்று. கட்டணமும் மற்றதும் 60. படித்து முடித்து முதல் இரண்டு வருடம் பாதிச் சம்பளம்: இன்னொரு 100. மொத்தம் 460. அதன் பிறகு புதுத் தொழில் வருடம் 120 கொடுக்கிறது என்றால் கூடுதல் வருமானம் 20. விட்டதைப் பிடிக்க 23 வருடம். 45 வயதில் தொடங்கியவர் 50இல் முழுச் சம்பளத்துக்கு வந்து, 73இல் சமன் ஆவார்.

பணத்துக்காக என்றால் பெரும்பாலோருக்கு இது நஷ்டக் கணக்கு. அதை ஒளிக்காமல் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். படிப்பு ஒரு வருடமாகவோ, மாலை வகுப்பாகவோ, படிக்கும்போதே உதவித்தொகையோடோ இருந்தால் எண்கள் தலைகீழாக மாறிவிடும். சான்றிதழ் இல்லாமல் நுழையவே முடியாத தொழில்களுக்கு, அதாவது மருத்துவம், சட்டம், செவிலியம், பள்ளி ஆசிரியப் பணி போன்றவற்றுக்கு, இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பணத்தைத் தாண்டிய காரணத்துக்காக இந்த வழியில் போனவர்களில் ஆல்பர்ட் ஷ்வைட்சரை நினைத்துக்கொள்வேன். இறையியல் அறிஞர், ஆர்கன் இசைக் கலைஞர் என்று பெயர் வாங்கிய பிறகு, 1905இல் 30 வயதில், மருத்துவம் படிக்க மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஆப்பிரிக்காவின் லாம்பரேனேவுக்கு மருத்துவராகப் புறப்பட்டது 1913இல், 38 வயதில். நடுவில் எட்டு வருடம். அந்தக் காலத்தில் பிரசங்கத்தையும் இசையையும் அவர் விட்டுவிடவில்லை, களைப்போடு ஓயாமல் போராடியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மூளையும் மன உறுதியும் அவ்வளவு இருந்தவருக்கே அப்படி என்றால் நாமும் அதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

இந்த வழியின் பெரிய குறை, கை படுவது தாமதமாவது. மூன்று வருடம் பாடம் படித்துவிட்டு, முதல் நாள் வேலையில் “இது எனக்கு ஆகாது” என்று தெரிந்தால்? ஆகையால் சேர்வதற்கு முன் அந்த வேலை நடக்கும் இடத்தில் சில வாரங்களாவது இருந்து பாருங்கள். செவிலியராக நினைக்கிறவர் முதியோர் பராமரிப்பில் தன்னார்வலராகச் சேரலாம். ஆசிரியராக நினைக்கிறவர் பத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் எடுத்துப் பார்க்கலாம். சேர்க்கைக் கட்டணம் கட்டிவிட்ட பிறகு மனசு உண்மையைச் சொல்லத் தயங்கும். கட்டிய பணம் கண்ணை மறைக்கும்.

## வேலையில் இருந்தபடியே இன்னொன்றை வளர்ப்பது

நான் போன வழி. கேட்டால் பெரும்பாலோருக்கு நான் சொல்வதும் இதுதான், ஆனால் எளிது என்று சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமைகளில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போவேன். சொல்லிக்கொடுத்தவர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். முதல் நாள் ஒரு முழ நீளப் பலகையைக் கொடுத்து, ஓரத்தை இழைப்புளியால் நேராக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் இழைத்தேன். வியர்வை சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிசாக ஒரு வெளிச்சக் கோடு. “வெளிச்சம் தெரியுது சார்” என்றார், அவ்வளவுதான். அந்த வெளிச்சம் மறைய எனக்கு ஆறு சனிக்கிழமை பிடித்தது. அது மறைந்த அன்று அவர் என்னை “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

19 வருடம் மற்றவர்கள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்ட இடத்திலிருந்து, ஒரு பலகையின் ஓரம் நேராக வராத இடத்துக்குப் போவது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, தோற்றுத் தோற்று மறுபடி இழைக்க எனக்கு மனசு இருக்கிறது என்று. அதைத் தெரிந்துகொள்ள நான் வேலையை விட வேண்டியிருக்கவில்லை.

இந்த வழிக்கு ஆதரவாக எண்ணும் இருக்கிறது. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழில் தொடங்கிப் பிறகு முழு நேரமாக மாறியவர்களுக்கு, எடுத்தவுடன் வேலையை விட்டு இறங்கியவர்களைவிடத் தொழில் மூழ்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. நடத்திப் பார்க்கும்போதே தொழில் தெரிந்துவிடுகிறது, தேறாதது முன்னமே நின்றுவிடுகிறது.

ஓவியர் ஆன்ரி ரூசோவும் இப்படி வந்தவர்தான். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் பணியில் இருந்துகொண்டே வரைந்தார். 1886 முதல் கண்காட்சிகளில் படங்களை வைத்தார். 1893இல், 49 வயதில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று முழு நேரமும் வரையத் தொடங்கினார். ஓய்வூதியம் போதாமல் வயலின் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி இதன் செலவுகள். வாரம் பத்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 500 மணி. அந்த 500 மணியும் யாரிடமிருந்தோ எடுத்ததுதான்: தூக்கத்திலிருந்து, பிள்ளைகளிடமிருந்து, துணையிடமிருந்து. எந்த நேரத்தை எடுக்கிறீர்கள் என்று அவர்களிடமே பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வேறு வருமானம் கூடாது என்று இருக்கிறதா என்று பாருங்கள், பலர் பார்ப்பதில்லை. அப்புறம், பொழுதுபோக்காக இருந்தது காசுக்கு மாறும்போது அதன் குணமே மாறும். என் முதல் புத்தக அலமாரிக்கு 20 மணி நேரம் ஆகும் என்று விலை சொன்னேன். 60 மணி நேரம் ஆனது. வாங்கியவர் தட்டு உயரத்தை இரண்டு தரம் மாற்றச் சொன்னார்.

தினமும் 12 மணி நேரம் வேலை பார்த்து நொந்துபோயிருப்பவருக்கு இது பொருந்தாது. அவர் முதலில் அளவைக் குறைக்க வேண்டும். பகல் நேரத்தில் மட்டுமே நடக்கும் தொழில்களுக்கும் இது சரிப்படாது.

## வேலையை விட்டுவிட்டு இறங்குவது

சேமிப்பு 18 மாதத்துக்குக் குறையாமல் இருந்து, வீட்டில் இன்னொரு வருமானமும் இருந்து, புது வேலையில் ஏற்கெனவே ஓரளவு கை பட்டிருந்தால் இறங்கலாம். ஆறு மாதச் சேமிப்பு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை பிடிக்க மூன்று மாதம், முடிக்க இரண்டு மாதம், காசு கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் என்று கூட்டினாலே அது தீர்ந்துவிடும். பணம் தீரும் நேரத்தில் கிடைத்த வேலையை எல்லாம் ஒப்புக்கொள்ளத் தோன்றும். எந்த மாதிரி வாழ்க்கையிலிருந்து தப்பிக்க வந்தோமோ அதே மாதிரி வாழ்க்கையை நாமே கட்டிவிடுவோம். கடன் எதுவும் வாங்க வேண்டியிருந்தால் சம்பளச் சான்று கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வயதை மட்டும் காரணமாகச் சொல்லித் தயங்க வேண்டாம். பியர் அசூலேயும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன் அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடியதாகவும் அந்த ஆய்வு காட்டியது. தெரியாத துறையில் தாவுவதற்கு அது சான்று இல்லை.

## இன்னும் இழுபறியாகவே இருந்தால்

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் காசு சுண்டிப் பார்க்க வைத்து ஓர் ஆய்வு செய்தார். 20,000க்கும் மேற்பட்ட தடவை காசு சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில், காசு “மாறு” என்று சொன்னதால் மாறியவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். அவர்கள் எல்லாம் ஏற்கெனவே நூலிழையில் நின்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மாத வருமானம் நின்றால் அடுத்த மாதமே வாடகைக்குத் திண்டாடுகிறவருக்கு இது பொருந்தாது. ஆனால் கணக்கெல்லாம் ஓரளவு ஒத்துவந்து, ஒரு வருடமாக “போகலாமா வேண்டாமா” என்றே இருப்பவர்கள், மாறாமலிருக்கும் பக்கமே தராசு அதிகமாகச் சாய்கிறதா என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று. நீங்கள் போக நினைக்கும் தொழிலில் பத்து வருடம் இருந்த ஒருவரைத் தேடிப்போங்கள். “இந்த வேலை பிடித்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஏதாவது சொல்வார். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தார் என்று மணிக்கணக்காகக் கேளுங்கள்.

நான் பட்டறையில் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். மரம் எடுக்கப் போனது ஒன்றரை மணி நேரம். ஒரு வீட்டுக்குப் போய் அளவெடுத்தது, அங்கேயே பேச்சு. பாக்கிக் காசு கேட்டு மூன்று பேருக்குப் போன். உளிகளுக்குச் சாணை. “மரத்துல கை வச்சது மூணு மணி நேரம் இருக்கும்ணே.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். மற்ற ஐந்தாறு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்குப் போதும் என்று பட்டது.